போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர ஒரு வழி

2025 மே மாதம் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதல் செய்தி டெல்லியிலிருந்து. இலங்கைத் தமிழர் ஒருவர், என்னைத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டிருந்தார். உலகத்தில் இருக்கிற அகதிகளை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் இல்லை, வேறு நாட்டுக்குப் போங்கள் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து. தமிழ்நாட்டில் நெடுங்காலம் அகதியாக இருந்துவிட்டு, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் வைத்தே கைது செய்தார்கள். முறையான பயண ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதுதான் குற்றம். சண்டைக் காலத்தில் மன்னார்க் கரையில் படகேறியவர்களில் பெரும்பாலானவர்களிடம் கடவுச்சீட்டே கிடையாது. இருந்திருந்தாலும் அந்தக் கடற்கரையில் முத்திரை குத்த ஆள் கிடையாது.

அவருக்குப் பிறகு பிணை கிடைத்தது, ஐ.நா. ஆணையமும் ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் நாங்கள் இருக்கிற அகதி கேம்பில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடம், ரேஷன் கடை, எங்கே நின்றாலும் இதுதான். ஏனென்றால் ஊருக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டு இருந்தன. எங்கள் வீட்டில் அம்மா.

அம்மாவின் ஊர் வலிகாமம் வடக்கு. காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவில், செம்மண் பூமி. வெங்காயமும் வாழையும் புகையிலையும் போடுகிற தோட்டக்காரக் குடும்பம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அந்தப் பகுதி மொத்தமாக எழும்பி ஓடியது. இவர்கள் மன்னார் போய் அங்கிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு இந்த மேற்கு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நான் இங்கேதான் பிறந்தேன்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னில், பாலித்தீன் பை இரண்டு சுற்றி, காணி உறுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை அங்கே உறுதி என்பார்கள். நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் நோட்டரி, எழுதிய கையெழுத்து மங்கிப் பழுப்பாகிவிட்டது. ஆறு பரப்புக் காணி, யாழ்ப்பாணக் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வடக்கே ஒழுங்கை (சந்து), கிழக்கே இன்னாருடைய காணி என்று எல்லை சொல்லிவிட்டு, கடைசியில் பங்குக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், தண்ணீர் வாய்க்கால் வழியும் என்று எழுதியிருக்கிறது. அம்மா இதை எடுத்து வாசிக்கும்போது கடைசி வரியை மட்டும் சத்தமாக வாசிப்பார். கிணற்றில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

இப்போது அந்த ஆறு பரப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் வேலி போட்டு வைத்திருந்த நிலத்துக்குள். சண்டை முடிந்து நான்கு வருஷம் கழித்து, 2013-ல், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போவதாக அரசு நோட்டீஸ் ஒட்டியது. மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், 2017-ல் மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. இன்னும் விடாத காணி நிறைய இருக்கிறது. எங்கள் துண்டு விட்டதில் வருமா விடாததில் வருமா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேலி, பனை, வீடு, ஒழுங்கை எல்லாம் போய்த் தரைமட்டமாக இருக்கும் நிலத்தில் எல்லைக்கல் தேட வேண்டும், அதற்கு நேரில் ஆள் போக வேண்டும். காங்கேசன்துறையில் கடலோரமாக ராணுவமே ஒரு ஹோட்டல் நடத்துகிறது. பக்கத்தில் தையிட்டியில் தனியார் காணியில் புத்த விகாரை எழும்பிவிட்டது, காணிக்காரர்கள் போயா என்கிற பௌர்ணமி நாட்களில் அதன் முன்னால் நின்று போராடுகிறார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "சண்டைதான் முடிஞ்சு பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னும் ஏன் போகலை?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு நம்பிக்கை இருக்கிறது, துப்பாக்கிச் சத்தம் நின்றால் ஊர் பத்திரமாகிவிடும் என்று. எங்கள் ஆட்கள் அந்த நம்பிக்கையில் ஏற்கனவே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டார்கள், அதுதான் பலருக்குத் தெரியாது.

முதல் தடவை 1987. ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் போட்டார்கள், இந்திய அமைதிப்படை போனது, டிசம்பரிலிருந்து அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 1989 ஆகஸ்ட் வரைக்கும் 25 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் கொடுமை என்னவென்றால், முதல் தொகுதி கிளம்பும்போதே அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1990-ல் அமைதிப்படை வெளியேறியது, ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் போர் வெடித்தது. 1989 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 1991 ஏப்ரலுக்குள் ஒரு லட்சத்து 22 ஆயிரம் பேர் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கினார்கள். முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இரண்டாவது தடவை என் மாமா போனார். 1992 ஜனவரியில் அது தொடங்கியது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இங்கே முகாம்களில் மூச்சு விடுவதே கஷ்டமாக இருந்த காலம். பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனது, உதவி செய்யும் அமைப்புகளை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள், ஊருக்குப் போ ஊருக்குப் போ என்ற நெருக்கடி எல்லாப் பக்கமும் இருந்தது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். போகிறவர்கள் தன் விருப்பத்தில்தான் போகிறார்களா என்று விசாரிக்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தை 1992 நடுவில்தான் அனுமதித்தார்கள். மாமாவையும் விசாரித்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் நான் கேட்டபோது சொன்னார்: "இஞ்ச இருக்க விடாத மாதிரி இருந்தது, அதுதான் போனனான். விருப்பமோ எண்டு கேட்டவைக்கு ஓம் எண்டனான். வேற என்ன சொல்லுறது?"

விருப்பம் என்று பதிவாகும் பல கையெழுத்துகளுக்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு ஓம்தான் இருக்கிறது. இருக்கிற இடத்தில் இருக்க முடியாமல் செய்துவிட்டு, போகச் சம்மதமா என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

அங்கே போனால் யாழ்ப்பாணம் போக வழியில்லை, குடாநாடு அப்போது புலிகள் கையில். வவுனியாவில் ஒரு நலன்புரி நிலையத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மறுபடியும் அகதிதான். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதி. வவுனியாவில் நடமாட பாஸ் வேண்டும், அந்தப் பாஸிலும் நாள் கணக்கு, மாதக் கணக்கு என்று வகைகள். வேலைக்குப் போக முதலில் பாஸ், அதைப் புதுப்பிக்க வரிசை, வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 1995 மார்ச்சோடு இந்தியா திருப்பி அனுப்புவதை நிறுத்தியது, ஏப்ரலில் அடுத்த போர் தொடங்கியது, அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே காலியானது. மாமா அடுத்த வருஷம் படகுக்காரனுக்கு இருந்த நகையைக் கொடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, வெயில் ஏறிய பிறகு மீனவர்கள் கண்டு கூட்டிவர, திரும்பவும் மண்டபம் வந்து பதிந்தார். 1992-லிருந்து அந்த மார்ச் வரைக்கும் 54 ஆயிரம் பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள் என்பது அரசுக் கணக்கு. 1995 மார்ச் வரைக்கும் மொத்தமாகத் திரும்பியவர்கள் என்று அரசு சொல்வது 99,469 பேர். அனுப்பிய கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. போனவர்கள் எந்தக் கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்கு வைத்த அதிகாரி யாரையும் நான் பார்த்ததில்லை.

2009-க்குப் பிறகு அப்படிக் கூட்டம் கூட்டமாக அனுப்பவில்லை. விருப்பப்பட்டவர்களுக்கு ஐ.நா. ஆணையம் விமான டிக்கெட்டும் கொஞ்சம் உதவித் தொகையும் கொடுத்தது. வருஷத்துக்குச் சில நூறு, அதிகமாகப் போன வருஷங்களில் ஓரிரு ஆயிரம் பேர். எங்கள் வரிசையிலிருந்து ஓர் அக்கா இரண்டு பிள்ளைகளோடு முல்லைத்தீவுப் பக்கம் போனார். தையல் மெஷின், கிரைண்டர், கட்டில் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத்தான் போனார், விமானத்தில் எவ்வளவு கொண்டுபோக முடியும்? போய்க் கொஞ்ச நாள் கழித்து வாட்ஸ்அப்பில் பேசினார்.

"வெடிச் சத்தம் இல்லைத் தம்பி, அது உண்மை. ஆனா பின்னேரத்தில ரெண்டு பேர் மோட்டார் சைக்கிள்ள வந்து, இந்தியாவில என்ன செய்தனீங்கள், ஆரோட இருந்தனீங்கள், இயக்கத்தில ஆரும் இருந்தவையோ எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போறாங்கள். அடுத்த மாசம் வேற ரெண்டு பேர் வந்து அதையே கேக்கிறாங்கள். மகனுக்கு பதினெட்டு வயசு, எனக்கு நித்திரை வருதில்லை."

1979-ல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இத்தனை வருஷமாக அங்கே கையில் இருக்கிறது. குற்றச்சாட்டே இல்லாமல் மாதக் கணக்கில் உள்ளே வைக்கலாம். இது ஒரு தாய்க்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷமாக யாரையும் பிடிக்கவில்லை என்று புள்ளிவிவரம் காட்டினாலும் அந்த அக்காவுக்கு நித்திரை வராது. அந்தப் பையன் இங்கே பிளஸ் டூ படித்த சான்றிதழை அங்கே ஏற்றுக்கொள்ள வைக்கவே பல அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறார்கள், தேசிய அடையாள அட்டைக்கு வேறு அலைச்சல். கிராம சேவகர் ஒரு கடிதம் கேட்பார், பிரதேச செயலகத்தில் இன்னொன்று கேட்பார்கள், அந்த இன்னொன்று கொழும்பில் இருக்கும். ஊரில் ஆட்கள் இவர்களை "இந்தியாவில இருந்து வந்தவை" என்பார்களாம். இங்கே "சிலோன்காரங்க".

நாங்கள் மட்டுமே இப்படி என்று சொல்ல வரவில்லை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை எல்லாம் சில மணி நேர, சில நாள் கெடுவில் வீட்டைவிட்டு விரட்டினார்கள், அது எங்கள் பெயரால் நடந்த அநியாயம். சண்டை முடிந்து அவர்கள் மன்னார் முசலிப் பக்கம் திரும்பியபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. வெட்டித் துப்புரவு செய்தால் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று தெற்கில் பெரிய எதிர்ப்பு. இருபது வருஷம் ஊரைவிட்டு விலகி இருந்தால் உன் ஊர் உன்னுடையதில்லை என்று சொல்ல யாராவது ஒருவர் அங்கே இருப்பார் என்பதை அவர்கள் கதையிலிருந்துதான் நான் முதலில் புரிந்துகொண்டேன்.

அப்புறம் மலையகத்து ஆட்கள். எங்கள் பக்கத்து வீடு. தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு வந்தார்கள், அங்கிருந்து 1990-ல் இங்கே. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இவர்களிடம் அங்கே உறுதியும் இல்லை, பரப்பும் இல்லை, கிணற்றில் பங்கும் இல்லை. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல் அங்கே வந்தது நல்லதுதான், ஆனால் குடியுரிமை கொடுத்தால் போய் எந்த மண்ணில் இறங்குவது? இவர்களைத் "தாயகம் திரும்புங்கள்" என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. இவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கொடுப்பதுதான் நியாயம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கி மத்திய அரசு உத்தரவு போட்டது. கேம்பில் பலர் அன்றைக்கு இனிப்பு கொடுக்காத குறை. எனக்கும் நிம்மதிதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ இந்த நாட்டு ஆள் என்பது வேறு.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். போகிறாயா, இருக்கிறாயா என்று இரண்டே பதில் உள்ள கேள்வியை எங்களிடம் கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று வேண்டும்: போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்றைக்கு இருக்கிற நிலையில் போவது ஒருவழிப் பாதை. வெளியேற அனுமதி வாங்கி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் எடுத்து விமானம் ஏறினால், முகாம் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். வீடு போகும், உதவித் தொகை போகும், அங்கே சரிப்படவில்லை என்றால் திரும்பி வர நேர்வழி இல்லை. அதனால்தான் அம்மா டின்னைத் திறந்து திறந்து மூடுகிறார். அங்கே தன் காணி ராணுவத்திடம் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல், இங்கே இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போ என்று ஒரு வயதான மனுஷியிடம் சொல்வது என்ன நியாயம்? நான் வேண்டாம் என்கிறேன், அவருக்கு என்மேல் கோபம். பலாலிச் செய்திக்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

இத்தனைக்கும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நாலு மணி நேரம். இறங்குகிற துறைமுகத்திலிருந்து அம்மாவின் காணி சைக்கிள் தூரம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் நண்பன் ஒருவன் அதில் ஏறிப் போய், நல்லூர்க் கோயில் பார்த்து, ரியோவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்தான். எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை, போட்டோ எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே கப்பலில் அம்மாவுக்கும் போக வர ஒரு டிக்கெட் கொடுக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. ஒரு மாதம் போதும். கிராம சேவகரைப் பார்க்க, காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேட, நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லை பார்க்க, பக்கத்துக் காணிக்காரர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்க. திரும்பி வந்து பிறகு சொல்லட்டும் போகிறேனா இல்லையா என்று.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சொந்தக் கையேட்டிலேயே, திரும்பிப் போவதற்கு முன்னால் அகதிகளை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவிடுவது பற்றி இருக்கிறது. பொஸ்னியாவில் போர் முடிந்ததும் இதைச் செய்தார்கள். அங்கேயும் மூன்று இனங்கள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்த மண்தான். ஆனால் 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாவது இணைப்பிலேயே அகதிகளுக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அவரவர் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்று எழுதிவிட்டார்கள். வேறு இனத்தவர் குடியேறிய வீடுகளிலிருந்துகூட ஆட்களை எழுப்பி உரியவரிடம் கொடுத்தார்கள். எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை, வீட்டைத் திரும்ப வாங்கியவர்கள் பலர் அதை விற்றுவிட்டு வேறு இடம் போனார்கள். போகட்டும். விற்கவாவது அது அவர்கள் கையில் இருந்ததே.

ஒருவழிப் பாதையால் யாருக்கு லாபம் என்று யோசித்தால், படகுக்காரர்களுக்குத்தான். 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்து, பால்மா, மண்ணெண்ணெய் எதுவும் கிடைக்காதபோது, மார்ச்சிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களில் முன்பு இங்கே முகாமில் இருந்து ஊர் திரும்பியவர்களும் இருந்தார்கள். நேர்வழி திறந்திருந்தால் கைக்குழந்தையோடு மணல் திட்டில் நிற்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

தமிழ்நாடு அரசு 2021-லிருந்து முகாம்களுக்குச் செய்வதை நான் மதிக்கிறேன். 7,469 வீடுகள் புதிதாகக் கட்ட அறிவித்தார்கள், உதவித் தொகையைக் கூட்டினார்கள், எங்கள் வரிசையிலும் பத்துக்குப் பத்து அறை போய் ஒழுங்கான வீடு வந்திருக்கிறது. ஆனால் கடல் தாண்டிப் போய்வர அனுமதி மாநிலத்தின் கையில் இல்லை, டெல்லியும் கொழும்பும் பேச வேண்டும். பேசும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. சண்டைக் காலத்தில் ஓடிப் போனது குற்றமில்லை என்று இலங்கை தன் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் எழுத்தில் கொண்டுவர வேண்டும், அமைச்சர் வாயால் சொன்னால் போதாது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகாம் பதிவை இந்தியா வெட்டக் கூடாது. இருந்துவிடுகிறேன் என்பவருக்கு இங்கே குடியுரிமைக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி இருந்தால்தான், போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அது அவருடைய சொந்த முடிவு என்று நம்பலாம்.

இதை வாசிக்கிற முகாம் நண்பர்களுக்கு ஒன்று. போகிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து ஆட்கள் பல வருஷமாக இதற்கு உதவி செய்கிறார்கள், படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் அவர்களிடம் போங்கள். உறுதி வைத்திருப்பவர்கள் லேமினேட் செய்யாதீர்கள், முத்திரை தெரியாமல் போய்விடும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டு வைத்து, ஊரில் நம்பிக்கையான சொந்தக்காரர் இருந்தால் ஒரு பிரதியை அனுப்பிக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். தேட உறுதி இலக்கமும் நொத்தாரிசு பெயரும் வேண்டும், எழுத்து மங்குவதற்குள் இரண்டையும் தனியாகக் குறித்து வையுங்கள்.